லாரித் தார்ப்பாய் கிழிந்தால்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

நாமக்கல் வட்டார லாரி உரிமையாளர்களுக்கும் டிரைவர் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழை நெருங்குவதால் கடையில் தார்ப்பாய்கள் குவியத் தொடங்கிவிட்டன. சிலவற்றை அன்றைக்கே தைத்துக் கொடுக்கிறோம். சிலவற்றை இரண்டு நாள் வைத்துக்கொள்கிறோம். இன்னும் சிலவற்றைத் தைக்கவே முடியாது என்று சொல்லிவிடுகிறோம். "சின்னக் கிழிசல்தானே, ஒரு ஒட்டுப் போட்டால் என்ன?" என்று வருத்தப்பட்டுப் போனவர்கள் உண்டு. வேலை நெருக்கடியில் நின்று விளக்க முடியாமல் போகிறது, அதனால் எழுதுகிறோம்.

பாயை விரித்ததும் நாங்கள் கிழிசலைவிட அதைச் சுற்றியுள்ள துணியைத்தான் முதலில் பார்ப்போம். கிழிந்த ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுப்போம். துணி திடமாக நின்றால் சரி, எவ்வளவு நீளக் கிழிசலானாலும் தைத்துவிடலாம். இழுத்த இழுப்புக்குப் பொறுக்காமல் பிரிந்து வந்தால் துணி இற்றுப்போய்விட்டது என்று அர்த்தம். அதில் ஊசி இறக்கினால் வரிசையாக ஓட்டைதான் விழும். நெடுஞ்சாலைக் காற்றில் பாய் படபடக்கும்போது அந்த வரிசையிலேயே கிழிந்து, ஒட்டு மட்டும் முழுசாக நிற்கும். உள்ளே சிமெண்டோ மஞ்சளோ இருந்தால் நஷ்டம் உங்களுக்கு. அப்படிப்பட்ட பாய்க்குக் கூலி வாங்க எங்களுக்கு மனம் வராது.

கித்தான் பாய் பருத்தி நூலால் ஆனது. ஈரத்தோடு சுருட்டி கேபின் மேல் கட்டிவைத்தால் பூஞ்சை பிடித்து நூலையே தின்றுவிடும். விரித்ததும் கரும்புள்ளியும் புழுங்கிய வாடையும் இருந்தால் வேலை பாதி கெட்டுப்போனது போலத்தான். மழையில் லோடு இறக்கினால், வெயில் கண்டதும் கொஞ்ச நேரமாவது பாயை விரித்து உலர்த்திவிடுங்கள். அப்புறம், பேட்டரிக்குப் பக்கத்தில் பாயைப் போடாதீர்கள். ஆசிட் பட்டது அன்றைக்குத் தெரியாது. போகப்போக அந்த இடம் பொடிந்து உதிரும்.

இரண்டு நாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: புதுக் கித்தான் நனைந்தால் சுருங்கும். பழைய பாயில் புதுத் துணியை அப்படியே வைத்துத் தைத்தால் முதல் மழையிலேயே சுருக்கம் விழுந்து ஓரங்களை இழுக்கும். அதனால் ஒட்டுத் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுகிறோம். பாயின் நெசவு ஓடும் திசையிலேயே ஒட்டும் ஓட வேண்டும். கிழிசலைத் தாண்டி நான்கு பக்கமும் இரண்டு அங்குலமாவது நல்ல துணியைப் பிடித்திருக்க வேண்டும். மூலைகளை வளைத்து வெட்டுவோம், கூர்மையாக விட்டால் அங்கிருந்துதான் பெயர ஆரம்பிக்கும். ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல். நடுவில் பாலியஸ்டரும் மேலே பருத்தியும் சுற்றிய நூலைத்தான் போடுகிறோம். நனைந்ததும் பருத்தி உப்பி ஊசி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அதனால் முதல் முறை நனையும்போது தையலில் லேசாகக் கசிந்தால் பயப்பட வேண்டாம். கடைசியாகத் தையல் மேல் மெழுகு தேய்ப்போம். ஈரப் பாயில் மெழுகு பிடிக்காது, உலர்த்திக் கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான்.

பிளாஸ்டிக் பூசிய பிவிசி பாய்க்கு இந்த வைத்தியம் ஒத்துவராது. தைத்தால் ஊசி ஓட்டை ஒவ்வொன்றும் ஒழுகும், உப்பி அடைக்க அதில் பருத்தி இல்லை. தூசியும் எண்ணெயும் போகத் துடைத்து, சூடான காற்றடித்து ஒட்டுத் துண்டை உருக்கிச் சேர்ப்போம். நீல நிறப் பிளாஸ்டிக் பாய் வெயிலில் காய்ந்து மொடமொடத்துவிட்டால் புதுசு வாங்குவதுதான் லாபம்.

தயவுசெய்து கிழிசலில் தார் பூசாதீர்கள். வெயிலில் இளகி மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு எங்கள் ஊசியும் இறங்காது. சோப்புத் தூள் போட்டும் கழுவாதீர்கள், மெழுகு போய்விடும். வெறும் தண்ணீரும் மெதுவான பிரஷ்ஷும் போதும்.

வழியில் கிழிந்தால் கோணி ஊசியும் தடித்த பருத்தி நூலும் கைகொடுக்கும். கிழிசல் முடியும் இடத்தைத் தாண்டி நல்ல துணியிலிருந்து தையலை ஆரம்பியுங்கள், கிழிசல் மேலும் ஓடாது. நைலான் நரம்பு வேண்டாம், அது துணியை அறுத்துவிடும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிழிகிறது என்றால் வண்டியின் பாடியைக் கையால் தடவிப் பாருங்கள். மூலையில் தகரம் நீட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் கொக்கி முனை மழுங்காமல் இருக்கும். அந்த இடத்தில் பழைய டயர் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். பாயின் ஓரத்தில் கயிறு கோக்கும் வளையம் பிய்ந்து வருவதற்குப் பெரும்பாலும் கயிற்றை மிதமிஞ்சி இழுத்துக் கட்டுவதுதான் காரணம். பாய் தொய்ந்தாலும் ஆபத்து, மழைநீர் குளமாகத் தேங்கி அதன் கனமே கிழித்துவிடும். நடுவில் கொஞ்சம் மேடாக வைத்துக் கட்டினால் தண்ணீர் ஓடிவிடும்.

கொண்டுவரும்போது கிழிந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுவிடுங்கள். என்ன லோடு ஏற்றுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். சிமெண்டுக்கு ஒரு சொட்டும் ஆகாது, ஜல்லிக்கு அவ்வளவு கவலை இல்லை. அதைப் பொறுத்து வேலையும் கூலியும் மாறும். அடைமழை பிடித்துவிட்டால் காயவைக்க எங்களுக்கும் வெயில் கிடைக்காது, அதனால் இந்த மாதமே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தார்ப்பாய் தையல் கடையினர்,
நாமக்கல்