வீட்டுத்திரைக்கு வரும் படங்களுக்குப் புதிய விமர்சனம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் திரை விமர்சனப் பகுதியைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்துவருகிறேன். புதிய படம் திரையரங்குக்கு வந்த ஓரிரு நாட்களில் விரிவான விமர்சனம் வெளியாகிவிடுகிறது. ஆனால் அதே படம் சில வாரங்கள் கழித்து ஓடிடி தளத்துக்கோ புளூ-ரே வட்டுக்கோ வரும்போது, முன்பு எழுதியதிலிருந்து நான்கு வரிகளும் முன்பு தந்த நட்சத்திரங்களும் அப்படியே மீண்டும் அச்சாகின்றன. இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு படத்தைத் திரையரங்கில் பார்த்தேன். அதில் ஒருவன் கைவிளக்குடன் காட்டுக்குள் நடந்துபோகும் நீண்ட இரவுக் காட்சி உண்டு. விளக்கொளி பட்ட இடத்தில் மட்டும் இலைகள் தெரியும். யாரோ பின்தொடரும் காலடியோசை நமது முதுகுக்குப் பின்னால் இடமிருந்து வலமாக நகரும். தங்கள் விமர்சகர் அக்காட்சியைப் பாராட்டி எழுதியிருந்த ஒவ்வொரு சொல்லும் எனக்கு உண்மையாகவே பட்டது. அந்தப் படம் வீட்டுக்கு வந்ததும், மூட்டுவலியால் திரையரங்குக்கு வர இயலாத என் தாயாரை அழைத்து உட்காரவைத்து ஒரு பிற்பகலில் மீண்டும் பார்த்தேன். காடு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது; அதன்மேல் எங்கள் இருவருடைய முகங்களும் சன்னல் வெளிச்சமும் பிரதிபலித்தன. கிசுகிசுப்பாகப் பேசும் வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால், அடுத்த நொடி பின்னணி இசை வீட்டையே அதிரவைத்தது. குறைத்தால் மறுபடி வசனம் காணாமற்போனது. இருபது நிமிடங்கள் ரிமோட்டைக் கீழே வைக்க முடியவில்லை. “இந்தப் படத்தையா பேப்பரில் அப்படிப் புகழ்ந்திருந்தார்கள்?” என்று அம்மா கேட்டார். விமர்சகர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த இருட்டும் நாங்கள் உட்கார்ந்திருந்த வெளிச்சமும் வேறு என்பதை அம்மாவுக்கு அந்த நட்சத்திரங்கள் எப்படிச் சொல்லும்?

இது எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் குறைபாடு மட்டுமன்று. திரையரங்குக்கான ஒலிக்கலவை, பல திசைகளில் ஒலிபெருக்கிகள் உள்ள பெரிய கூடத்தை மனத்தில் கொண்டு செய்யப்படுவது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே அங்கே இருக்கும் தூரத்தை வீட்டுக் கூடம் தாங்காது. சில படங்களுக்கு வீட்டுக்கென்று தனி ஒலிக்கலவை செய்கிறார்கள். சில படங்களுக்குச் செய்வதில்லை. எந்தப் படம் எப்படி வந்திருக்கிறது என்பதை, அதை வீட்டில் கேட்டுப் பார்த்த விமர்சகரால்தான் சொல்ல முடியும்.

படச்சட்டத்தின் கதையும் இத்தகையதே. வீடியோ கேசட் காலத்தில், அகலமும் உயரமும் 2.35:1 விகிதத்தில் எடுக்கப்பட்ட அகன்ற படத்தைப் பழைய 4:3 தொலைக்காட்சித் திரை முழுவதும் நிரம்பும்படி வெட்டினால், படத்தின் பரப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இழக்க நேர்ந்தது. அகலத்திரை வந்து அந்தக் கேடு பெரும்பாலும் தீர்ந்தது; இப்போது வேறொன்று வந்திருக்கிறது. பெரும்பாலான படங்கள் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்ற கணக்கில் ஓடுபவை. புதிய தொலைக்காட்சிகள் பல, படமாக்கப்படாத சட்டங்களைத் தாமே கற்பித்து இடையில் செருகி அசைவை வழவழப்பாக்குவதால், சினிமா அரங்க நாடகத்தின் வீடியோப் பதிவைப்போல் ஆகிவிடுகிறது. நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018-இல் ஒரு காணொளி வெளியிட்டு, இந்த வசதியை அணைத்துவிடும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். தங்கள் விமர்சனப் பகுதியில் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

வீட்டுக்கு வருவது அதே படம்தானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேடு ரன்னர்’ 1982-இல் திரையரங்குக்கு வந்தபோது கதாநாயகனின் பின்னணிக் குரலும் மகிழ்ச்சியான முடிவும் அதில் இருந்தன. விமர்சனங்கள் இருவிதமாக வந்தன. அந்தப் பின்னணிக் குரலும் முடிவும் நீக்கப்பட்ட வடிவம் 1992-இலும், இறுதி வடிவம் 2007-இலும் வெளிவந்தன. 1982 விமர்சனத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறுதி வடிவத்தைப் பார்ப்பவர், ஏறத்தாழ வேறொரு படத்தின் விமர்சனத்தையே படித்திருப்பார்.

ஒரு படத்துக்கு ஒரு முறை கருத்துச் சொன்னால் போதும் என்று எண்ணுவோரும் உண்டு. புகழ்பெற்ற விமர்சகர் பாலின் கேல், எந்தப் படத்தையும் ஒரே முறைதான் பார்ப்பேன் என்று கூறியவர். முதற்பார்வையின் சூட்டுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1967-இல் அமெரிக்க ‘நியூஸ்வீக்’ இதழின் விமர்சகர் ஜோ மோர்கன்ஸ்டர்ன், ‘பானி அண்டு கிளைடு’ படத்தைக் கடுமையாகச் சாடி எழுதிய பின், ரசிகர்கள் நிறைந்த அரங்கில் அதை மறுபடி பார்த்து, தமது முதல் கருத்து தவறு என்று அடுத்த வாரமே அதே இதழில் எழுதினார். இருக்கை மாறியதும் படம் மாறித் தெரிந்ததை ஒளிக்காமல் வாசகரிடம் சொன்ன அந்த நேர்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

எண்கள் இந்த வேறுபாடுகளை எல்லாம் விழுங்கிவிடுகின்றன. விமர்சகர்களின் கருத்துகளைத் தொகுக்கும், 1998-இல் தொடங்கிய ‘ராட்டன் டொமேட்டோஸ்’ (அழுகிய தக்காளிகள்) இணையதளம் காட்டும் விழுக்காடு, எத்தனை விமர்சகர்கள் ‘பார்க்கலாம்’ என்றார்கள் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதையோ, எந்தத் திரையில் பார்த்தார்கள் என்பதையோ சொல்வதில்லை. எல்லோருக்கும் ஓரளவு பிடித்த படம் 100 விழுக்காடு பெறலாம். சிலரை உலுக்கி, சிலரை எரிச்சலூட்டிய அரிய படமோ 60-க்குக் கீழே இறங்கி ‘அழுகல்’ முத்திரை பெறலாம். வீட்டில் ரிமோட்டுடன் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் எண்ணைப் பார்த்தே கடந்துபோகிறார்.

ஆகவே, ஒவ்வொரு விமர்சனத்தின் கீழும், படம் திரையரங்கில் பார்க்கப்பட்டதா, பத்திரிகையாளருக்கு அனுப்பப்பட்ட இணைய இணைப்பின் வழியாக மடிக்கணினியில் பார்க்கப்பட்டதா என்பதை ஒரு வரியில் குறிப்பிட வேண்டுகிறேன். படம் வீட்டுத்திரைக்கு வரும்போது, பத்து வரிகளே ஆனாலும், அதை வீட்டில் பார்த்தவர் புதிதாக எழுதட்டும். முன்பு எழுதியவரே எழுதினால், தம் கருத்து மாறியதா என்பதையும் சொல்லட்டும். வசனம் தெளிவாகக் கேட்கிறதா, இருண்ட காட்சிகள் தெரிகின்றனவா, வெட்டியதோ சேர்த்ததோ உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். சப்டைட்டில் உண்டா, அது வெள்ளைப் பின்னணியில் கரையாமல் படிக்கும்படி இருக்கிறதா என்பதையும் அவசியம் எழுதச் சொல்லுங்கள். என் தாயாருக்குச் செவித்திறன் குறைந்துகொண்டே வருகிறது. அவர் ஒரு படத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை இப்போது அந்த ஒரு தகவல்தான் முடிவுசெய்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்