சனி இரவு ‘அப்பா’ கேட்கிறோம்

நண்பர்களே, வணக்கம்.

இந்த மாதப் பாட்டுக் கூட்டம் வரும் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு, வீடியோ அழைப்பில். இந்த முறை ஸ்வீடனின் ‘அப்பா’ குழு (தந்தையர் தினப் பாட்டு இல்லை!). 1982-க்குப் பிறகு ஒதுங்கியிருந்த நால்வரும் 2021 செப்டம்பர் 2 அன்று இரண்டு புதுப் பாட்டுகளோடு திரும்பினார்கள். ‘டோன்ட் ஷட் மீ டவுன்’ பிரிட்டன் பாட்டுப் பட்டியலில் 9-ஆம் இடம் பிடித்தது. அங்கே டாப் 10-க்குள் அவர்கள் வந்து கிட்டத்தட்ட 40 வருடம் ஆகியிருந்தது. ‘ஐ ஸ்டில் ஹேவ் ஃபெய்த் இன் யூ’ அவர்களுக்கு முதல் கிராமி பரிந்துரையை வாங்கித் தந்தது. விருது கிடைக்கவில்லை, சரி, விடுங்கள்.

1. இரண்டையும் ஹெட்போனில் கேட்டுவிட்டு வாருங்கள். முதல் பாட்டு மெதுவாகத் தொடங்கும். பியானோ சரசரவென்று ஒரு இழுப்பு இழுத்ததும் தாளம் சேரும். எனக்கு அந்த ஒரு நொடி போதும்.
2. அவர்களின் பழைய பாட்டு ஒன்றையும் எடுத்து வையுங்கள். புதுசு அதற்கு ஈடா? சண்டை போடலாம்.
3. பாட்டு ஓடும்போது மைக்கை அணைத்துவிடுங்கள். போன தடவை ஒரு நாயும் சேர்ந்து பாடியது.

வருகிறவர்கள் வெள்ளி மாலைக்குள் ‘வருகிறேன்’ என்று இங்கே எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது.