லிவர்பூலிலிருந்து தம்பிக்கு: எந்த ஆல்பம் பெரியது?

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அம்மா இன்னும் முட்டிக்குத் தைலம் தேய்த்தே நாளை ஓட்டுகிறார்களா, இல்லை டாக்டரைப் போய்ப் பார்த்தார்களா, அதை முதலில் எழுது. பணம் அனுப்பியிருக்கிறேன். அதில் கீபோர்டு ஸ்டாண்டுக்கு என்று எதையும் எடுத்துக்கொள்ளாதே, அதற்குத் தனியாக அனுப்புகிறேன்.

வேலைக்கு நடுவில் அங்கே ஆட்கள் என்னதான் பேசிக்கொள்வார்கள் என்று போனில் கேட்டாய் அல்லவா? மழை, கால்பந்து, ஆல்பம். முதல் இரண்டும் தெரிந்ததுதான், மூன்றாவதை நானே எதிர்பார்க்கவில்லை. போனில் சொன்னால் நீ பாதியில் புகுந்து ராஜாவா ரஹ்மானா என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதிவிடுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வா.

எங்கள் ஆபரேஷன் தியேட்டரை ஒட்டி டீ குடிக்க ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கே ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள். மேலே ‘எல்லாக் காலத்துக்கும் சிறந்த பத்து ஆல்பம்’ என்று யாரோ தடித்த பேனாவில் எழுதி, கீழே ஒன்று முதல் பத்து வரை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பேர் ஒரு வாரம் நின்றால் பெரிய விஷயம். அடிப்பார்கள், மேலே எழுதுவார்கள், அம்புக்குறி போட்டு மூன்றை ஏழுக்கு இறக்குவார்கள், ஓரத்தில் ‘இதைப் போட்டவருக்குக் காது உண்டா?’ என்று பச்சை மையில் ஒரு கேள்வி இருக்கும். தியேட்டருக்கு உள்ளேயும் பாட்டு ஓடும், நம்புவாயா? எது ஓடணும் என்பது சர்ஜன் இஷ்டம். சிக்கலான இடம் வந்தால் நிறுத்தச் சொல்வார், தையல் போடும்போது மறுபடி ஓடும். உள்ளே கேட்டது, வெளியே வந்து கையுறையைக் கழற்றினதும் அந்தத் தாளில் ஏறிவிடும்.

இந்த ஊரில் இந்த ஊர்க் குழுவான பீட்டில்ஸைத் தவிர வேறு யாரையாவது முதலில் போட்டால் விடுவார்களா என்றுதான் நினைத்தேன். நான் பஸ் ஏறும் ஸ்மித்டவுன் ரோட்டின் கோடியில்தான் பென்னி லேன், அவர்கள் பாட்டில் வருமே அதேதான். தெருப் பேர்ப்பலகையில் ஊர் ஊரிலிருந்து வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுப் போட்டு எழுத்தே தெரியாது. ஆனால் சண்டை பீட்டில்ஸா மற்றவர்களா என்று இல்லை, பீட்டில்ஸுக்குள்ளேயே. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். 1967-இல் வந்த ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், டீயைக் கீழே வைத்துவிடுவார். அதற்கு முந்தின வருஷம் வந்த ‘ரிவால்வர்’தான் அசல் என்பது அவர் கட்சி. பதினாலு பாட்டு, 35 நிமிஷம், ஒன்றுகூட வீண் இல்லை என்பார்.

அவர் சொல்கிற காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. பெப்பர்ஸுக்கு என்று ஸ்டூடியோவில் உட்கார்ந்து அவர்கள் முதலில் செய்த பாட்டுகளில் இரண்டு ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’, ‘பென்னி லேன்’. இரண்டும் இந்த ஊர் இடங்கள். கம்பெனி அவசரப்படுத்தியது, 1967 பிப்ரவரியில் இரண்டையும் சிங்கிளாக, அதாவது தனி ரெக்கார்டாக, வெளியிட்டுவிட்டார்கள். சிங்கிளாக வந்ததை ஆல்பத்தில் திரும்பப் போடுவதில்லை என்பது அப்போது அவர்கள் வழக்கம், ஆகவே இரண்டும் ஆல்பத்துக்கு வெளியே நின்றுவிட்டன. தன் தொழிலில் செய்த பெரிய தவறு அதுதான் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே பின்னால் சொல்லியிருக்கிறார். “எங்க ஊரை எடுத்து வெளியே வெச்சுட்டு மிச்சத்தை உலகத்திலேயே சிறந்ததுன்னா எப்படிம்மா?” என்கிறார் பெரியவர். பதில் சொல்ல முடியவில்லை.

பெப்பர்ஸ் அட்டையைப் பழைய சாமான் கடையில் கையில் எடுத்துப் பார்த்தேன். கலர் கலராய் நாலு பேரும் நிற்க, பின்னால் கூட்டமாகப் பிரபலங்களின் படங்கள். அந்தக் கூட்டத்தில் காந்தியும் இருக்க வேண்டியதாம். இந்தியாவில் மனம் புண்படும், விற்பனை கெடும் என்று கம்பெனி பயந்து எடுக்கச் சொல்லிவிட்டது. ரெக்கார்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டே தில்ரூபா, தபலா, தம்பூராவோடு ஆரம்பிக்கிறது. காந்தியை இறக்கிவிட்டுத் தம்பூராவை ஏற்றிக்கொண்டார்கள், இது என் நக்கல்.

சரி, மான்செஸ்டரிலிருந்து ரயிலில் வந்து போகும் மயக்க மருந்து டாக்டர் ஒருவர். இரண்டு ஊருக்கும் கால்பந்தில் ஆகாது, இதிலும் ஆகாது. அவர் தன் ஊர்க் குழுவான ‘த ஸ்மித்ஸ்’ போட்ட ‘த குவீன் இஸ் டெட்’, 1986, என்று முதல் இடத்தில் எழுதிவிட்டுப் போவார். 2013-இல் என்.எம்.இ. என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை போட்ட சிறந்த ஐந்நூறு ஆல்பத்தில் அதுதான் முதலிடம், ரிவால்வர் இரண்டாம் இடம். அன்றைக்குப் பெரியவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் பார்க்க ஆசை. “அது லண்டன்காரன் பத்திரிகை” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

நீ கவனிக்க வேண்டியது இனிமேல்தான். ரோலிங் ஸ்டோன் என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகை 2003-இல் 500 ஆல்பங்களை வரிசைப்படுத்தியது. 273 பேர் ஓட்டுப் போட்டார்கள், இசைக்காரர்களும் விமர்சகர்களும். முதலிடம் பெப்பர்ஸ். முதல் பத்தில் பீட்டில்ஸ் மட்டும் நாலு, பாப் டிலன் இரண்டு. கறுப்பர் ஒரே ஒருவர், மார்வின் கே. பெண் ஒருத்திகூட இல்லை. 2020-இல் அதே பத்திரிகை முன்னூற்றுக்கும் மேற்பட்ட புது ஆட்களைக் கேட்டது, பியான்சே, டெய்லர் ஸ்விஃப்ட் எல்லாம் ஓட்டுப் போட்டார்கள். மார்வின் கே முதலிடம், பாடகி ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’ மூன்று, கறுப்பர்களில் ஸ்டீவி வொண்டர் நாலு, பிரின்ஸ் எட்டு, பாடகி லாரின் ஹில் பத்து. பெப்பர்ஸ் 24-க்குப் போய்விட்டது. நாலு வருஷம் கழித்து ஆப்பிள் மியூசிக் நூறு போட்டது, அதில் லாரின் ஹில்லே முதலிடம். பதினேழு வருஷத்தில் பெப்பர்ஸ் ரெக்கார்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, ஓட்டுப் போட்டவர்கள்தான் மாறினார்கள். எங்கள் அறையிலும் இதே கதைதான். நைஜீரிய நர்ஸ்கள் டியூட்டியில் இருக்கும் வாரம் பட்டியல் ஒரு மாதிரி, வயசான சர்ஜன்கள் வாரம் வேறு மாதிரி. யார் கையில் பேனா இருக்கிறது என்று பார்த்தாலே முதல் மூன்றையும் நான் சொல்லிவிடுவேன்.

அதற்காக எல்லாம் ஒன்றுதான், அவரவர் ருசி என்று நான் விட்டுவிட மாட்டேன். என் ஓட்டு மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, 1971. அதையும் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அவர் தம்பி வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பியவர். ஊரில் போலீஸ் அடி, வேலை இல்லை, போதை, இதெல்லாம்தான் பாட்டு. கம்பெனி முதலாளி பெரி கார்டிக்கு இந்த மாதிரிப் பாட்டெல்லாம் விற்குமா என்று சந்தேகம், தலைப்புப் பாட்டையே வேண்டாம் என்றார். பாட்டு வெளிவந்து பிய்த்துக்கொண்டு போனதும் முழு ஆல்பம் கேட்டார். ஒன்பது பாட்டு, ஒன்று முடிவதற்குள் அடுத்தது அதிலிருந்தே கிளம்பிவிடும், நடுவில் மூச்சு விட இடம் இல்லை. உனக்கென்று ஒரு விஷயம்: அதில் அவர் குரல் இரண்டாகக் கேட்கும், தனக்குத்தானே பதில் சொல்கிற மாதிரி. அது திட்டம் போட்டுச் செய்ததே இல்லை. பாட்டை இரண்டு தடவை பாடி வைத்திருந்தார், எது நன்றாக இருக்கிறது என்று பார்க்க. என்ஜினியர் இரண்டையும் தவறிப்போய் ஒரே நேரத்தில் ஓட்டிவிட்டார். கேட்டதும் இப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார் மார்வின் கே. நாமாக இருந்தால் அந்த என்ஜினியரை ரெண்டு திட்டுத் திட்டிவிட்டு ஒன்றை அழித்திருப்போம்.

நைட் டியூட்டி முடிந்து வந்தால் மட்டும் ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959 மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், அவ்வளவுதான் ரெக்கார்டிங். ஸ்வரக்கொத்துகளை (chord) ஒன்று மாற்றி ஒன்று மாற்றிக்கொண்டு ஓடாமல் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு அதிலேயே உலாவுகிறார்கள், உனக்கு உடனே பிடிபடும். கேட்டுக்கொண்டே கூட வாசிக்கிறதாக இருந்தால் ஒன்று கவனி. மார்ச் மாத ரெக்கார்டிங்கில் ஒரு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் பழைய ரெக்கார்டில் முதல் பக்கம் ஸ்ருதி லேசாகத் தூக்கலாக இருக்கும். 1992 பதிப்பில்தான் சரி செய்தார்கள். பழைய பதிப்பைப் போட்டுவிட்டு உன் கீபோர்டைக் குறை சொல்லாதே.

இங்கே வந்த புதிதில் எனக்கு ஓட்டே கிடையாது. “உங்க ஊர் ஆல்பம் எது?” என்று கேட்டார்கள், நான் முழித்தேன். யோசித்துப் பார், நாம் எந்த ஆல்பத்தை முழுசாக, வரிசை மாறாமல் கேட்டு வளர்ந்தோம்? கேசட்டில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறு படம், இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. அதையும் விட்டால் ரெக்கார்டிங் சென்டர். அப்பா பழைய கேலண்டர் தாளின் பின்பக்கம் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார், கடைக்காரர் ஒரு நாலு பாட்டுக்கு ‘இது இல்லை’ என்று கோடு போட்டுவிட்டு மிச்சத்தைக் காலி கேசட்டில் ஏற்றித் தருவார், கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்துபோகும். இன்றைக்கு எல்லோரும் போனில் செய்வதை நம் ஊர் அப்போதே செய்துவிட்டது. நமக்குச் சண்டை என்றால் பாட்டு, பாடகர், இசையமைப்பாளர், இவ்வளவுதான். இந்தப் பாட்டுக்கு அப்புறம் ஏன் அந்தப் பாட்டு என்று யார் கேட்டோம்? படத்தில் அது டைரக்டர் முடிவு செய்த இடம். இங்கே கேட்கிறார்கள். முதல் பக்கத்தை எதில் முடித்தான், ரெக்கார்டைத் திருப்பிப் போட்டதும் எது வந்தது என்று மணிக்கணக்காக. பக்கத்துக்கு இருபது நிமிஷம் சொச்சம்தான் கொள்ளும், அதனால் வந்த கட்டுப்பாடு. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது, இப்போது ஷஃபிளில் போட்டால் எரிச்சல் வருகிறது.

டைம் பத்திரிகை 2005-இல் தேர்ந்தெடுத்த பத்துத் திரைப்பட இசையில் ‘ரோஜா’ இருந்ததைச் சொன்னேன். மரியாதையாகத் தலையாட்டினார்கள், அது படத்துக்கான இசை, கணக்கில் வராது என்றார்கள். பிரின்ஸின் ‘பர்ப்பிள் ரெயின்’ மட்டும் என்ன, அதுவும் படத்துக்குப் போட்டதுதானே என்று கேட்டேன். அறையில் சத்தமே இல்லை. தாளில் அது இன்னும் அப்படியே நிற்கிறது, ‘ரோஜா’வும் ஒன்பதாம் இடத்தில் நிற்கிறது, எழுதினது நான்.

இன்னொன்று, இதைப் பக்கத்து வீட்டு அண்ணனிடமும் சொல். இங்கே ஒரு இளவயசு டாக்டர், லண்டன் பையன், எம்.ஐ.ஏ. என்ற பாடகியின் ‘கலா’ ஆல்பத்தைத் தாளில் ஏற்றினான். 2007-இல் வந்தது. அவர் இலங்கைத் தமிழர், லண்டனில் பிறந்தவர், ‘கலா’ என்பது அவர் அம்மாவின் பேர். அதில் கொஞ்சம் சென்னையில் ரெக்கார்டு செய்தது, நம் மேளக்காரர்களை வைத்து. அந்தப் பையன் முதல் பாட்டைப் போனில் போட்டான். கேட்டுக்கொண்டே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த நான் அப்படியே கத்தியோடு எழுந்துவிட்டேன். ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து எடுத்து உள்ளே வைத்திருக்கிறார். அந்தப் பையனுக்கு அது தெரியவே தெரியாது, வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறான். மூலப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மதியம் அவன் தியேட்டருக்குள் அதையே ஓட விட்டான், சர்ஜன் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. ராஜா 1986-இல் போட்ட ‘ஹவ் டு நேம் இட்’ நம் வீட்டில் கேசட்டாக இருந்தது, அப்பாவின் இரும்புப் பெட்டியில் பார். படம் இல்லை, பாட்டு வரி இல்லை, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் (Bach) சமர்ப்பணம் செய்து, முழுக்க வாத்தியத்திலேயே செய்தது. எனக்குப் பாட்டுதான் ஞாபகம் இருக்கிறது, வரிசை மறந்துவிட்டது. போனில் கிடைப்பதில் வரிசை சரியா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கேசட் அட்டையை இரண்டு பக்கமும் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பு, எது ஏ பக்கம், எது எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். பெரியவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், அவருக்கு அதை அந்த வரிசையிலேயே போட்டுக் காட்டப் போகிறேன்.

உன் பத்தையும் எழுதி அனுப்பு. ஹிட்ஸ் தொகுப்பு எதுவும் கூடாது, ஒரே ஆள் இரண்டுக்கு மேல் கூடாது, அதில் ராஜாவும் அடக்கம்.

அன்புடன்,
அக்கா