படகு இருக்கிறது, கட்டும் கை எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழில் வந்த மலேசியக் கிழக்குக் கரைச் சுற்றுலாக் கட்டுரை ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளோடு முடிந்துவிட்டது. திரெங்கானு மாநிலத் தலைநகர் கோல திரெங்கானுவில், புக்கிட் லோசோங் பகுதியில் ஆற்றோரம் உள்ள மாநில அருங்காட்சியகத்தைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

பழைய திரெங்கானு மர வீடுகளின் சாயலில், உயர்ந்த தூண்கள் மேல் நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கவே ஒருமுறை போகலாம். திரெங்கானு கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. அரபு எழுத்தை ஒட்டிய ஜாவி எழுத்தில் மலாய் மொழி பொறிக்கப்பட்ட மிகப் பழைய கல்லாக அறிஞர்கள் அதைக் கருதுகிறார்கள். இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரியில் 702, அதாவது கி.பி. 1303ஆம் ஆண்டு என்பது பரவலான கணிப்பு. ஆண்டு வரும் இடத்தில் கல் உடைந்திருப்பதால் வாதம் இன்னும் ஓயவில்லை. 1887இல் கோல பெராங் பக்கம் வெள்ளம் வடிந்தபின் கிடைத்த அந்தக் கல், கொஞ்ச காலம் ஒரு சூராவ் (சிறிய தொழுகை இல்லம்) வாசலில் கால் கழுவும் படியாகக் கிடந்ததாம். 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியது.

கல்லைக் காப்பாற்றிவிட்டோம். என் கவலையெல்லாம் வளாகத்தில் நிற்கும் மரக்கலங்களைப் பற்றியது. கோல திரெங்கானு ஆற்றில் உள்ள டுயோங் தீவின் ஆசாரிகள் வரைபடம் எதுவும் இல்லாமல், கண் அளவிலேயே இப்படிப்பட்ட கலங்களைக் கட்டினார்கள். முதலில் செங்கால் என்ற வன்மரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இரும்பாணிக்குப் பதில் மர முளை அடித்து இறுக்குவார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே கெலாம் மரப்பட்டையை மெல்லிய பட்டியாக வைப்பார்கள். தண்ணீரில் அது ஊறி உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். உடல் உருவான பிறகுதான் உள்ளே விலாக்கட்டைகள் வரும். எந்தப் பலகை எவ்வளவு வளையும் என்பதைச் சுவரில் மாட்டிய விளக்க அட்டை சொல்லித் தராது.

சரிகை இழையோடும் சொங்கெட் துணி நெசவுக்கு வாங்க ஆள் இருக்கிறது. கல்யாணம், அரண்மனை விழா என்று தறி ஓடிக்கொண்டிருக்கும். மரப்படகுக்கு யார் இருக்கிறார்கள்? மீனவர்கள் ஃபைபர் படகுக்குப் போய்விட்டார்கள். மூத்த ஆசாரிகளுக்கு வயதாகிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போகிறார்கள்.

எனவே, அருங்காட்சியக வளாகத்திலேயே நிரந்தரமாக ஒரு படகுப் பட்டறை வேண்டும். ஒரு மூத்த ஆசாரிக்கு மாதச் சம்பளம், அவரிடம் பழக இரண்டு மூன்று இளைஞர்களுக்கு உதவித்தொகை. வருகிறவர்கள் படகு உருவாவதை நேரில் பார்க்கட்டும். அவர் செய்வதையும் சொல்வதையும் காணொளியில் பதிவு செய்து வைக்க வேண்டும்.

இது மலாய்க்காரர் விஷயம், நமக்கென்ன என்று நம்மவர் சிலர் கேட்கக்கூடும். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கும் இது சொந்த நாட்டு வரலாறுதான். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள் அடுத்த கல்விச் சுற்றுலாவில் தீவுப் பயணத்தோடு இதற்கும் அரை நாள் ஒதுக்க வேண்டும். பட்டறைக் கோரிக்கையைத் தாங்களும் மாநில அரசின் காதில் போட்டு வைத்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
குவாந்தான்