அறமா அரமா, விரலைக் கேளுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல பார்வையில்லாதவங்களுக்கான செல்போன் ஆப் பத்தின கட்டுரைய படிச்சேன், படிச்சேன்னா கேட்டேன். போன் பேசுது, லேப்டாப் பேசுது, இனிமே பிரெயில் எதுக்குங்கற மாதிரி ஒரு வரி நடுவுல வந்துச்சு, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர்.

நான் பிறவியிலயே பார்வை இல்லாதவ, கவர்மெண்ட் ஸ்கூல்ல பதினாலு வருசமா தமிழ் எடுக்கறேன். எங்கிட்ட படிச்ச ஒரு பையன், அவனுக்கும் பார்வை கிடையாது, மேடையேறினா பிச்சு உதறுவான், ஆனா எழுதச் சொன்னா அறம்னு வர வேண்டிய இடத்துல அரம்னு எழுதி வெச்சிருப்பான், தர்மம் இரும்பு ராவுற சாமானா ஆயிரும். அவன் மேல தப்பே இல்லங்க, சின்ன வயசுலேர்ந்து எல்லாத்தையும் காதாலயே படிச்ச புள்ள, காதுக்கு ரெண்டும் ஒண்ணுதானே. பிரெயில்ங்கறது விரலால தடவிப் படிக்கற மேட்டுப் புள்ளி எழுத்து, ஒரு கட்டத்துக்கு, அதத்தான் செல்லும்போம், ஆறு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நம்பர். அதுல ர-வுக்கு 1, 2, 3, 5 புள்ளி, ற-வுக்கு 1, 2, 4, 5, 6. விரல் பட்டவுடனே தெரிஞ்சிரும்.

கம்ப்யூட்டர்ல இத படிக்கறதுக்குத்தான் பிரெயில் டிஸ்ப்ளே இருக்கு. கீபோர்டுக்கு முன்னால வெக்கற ஒரு பட்டை, 20 செல், 40 செல்னு வரும், ஒவ்வொரு செல்லுலயும் குட்டி குட்டி ஊசி ஏறி இறங்கும், ஸ்கிரீன்ல இருக்கற வரி விரலடியில வந்து நிக்கும். 40 செல்லுன்னா லட்ச ரூபாய தாண்டிரும், நான் லோன் போட்டு 20 செல்தான் வாங்கினேன்.

மாட்டிப் பாத்தா அங்கதான் கூத்தே. விண்ணப்பம்னு ஒரு வார்த்தை, அச்சுல ஆறு எழுத்து, பிரெயில்ல பத்து செல் புடிக்குது, ஏன்னா மெய்யெழுத்து தலையில வெக்கற புள்ளிக்குன்னு எழுத்துக்கு முன்னால தனியா ஒரு செல் போகும், வி-ன்னா வ ஒண்ணு இ ஒண்ணு. சரி, அது பிரெயிலோட முறை, அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா மிச்சம் இருக்கற பத்து செல்லுல ஸ்கிரீன் ரீடர், அதான் ஸ்கிரீன்ல இருக்கறத குரலாவும் பிரெயிலாவும் தர்ற சாஃப்ட்வேர், தன்னோட சங்கதிய கொண்டாந்து கொட்டுது பாருங்க, அதுதான் எரிச்சல். ஒவ்வொரு லிங்க்குக்கும் முன்னால லிங்க்குங்கறத சுருக்கி எல், என், கேன்னு மூணு இங்கிலீஷ் எழுத்து வருது. தமிழ் பிரெயில்ல அதே புள்ளிங்கதான் ல, ந, க. நான் ஒரு வாரமா "லநக, லநக"ன்னு படிச்சுட்டு இது என்னடா சித்தர் மந்திரமான்னு முழிச்சேன். குரல்ல தமிழுக்கு நடுவுல இங்கிலீஷ் வந்தா அதுவா குரல மாத்திக்குது, பிரெயில்ல மட்டும் எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளின்னு சொல்ற டேபிள் ஒண்ணேதான், எந்த மொழி வந்தாலும் அதுக்குள்ளயே திணிக்குது.

டிஸ்ப்ளேல இருக்கற பிரெயில் கீயில டைப் அடிக்கறது இன்னும் மோசம். பிரெயில்ல மெய்யெழுத்தோட புள்ளி முன்னால, கம்ப்யூட்டர் தமிழ சேத்து வெக்கற யூனிகோட் முறையில அந்தப் புள்ளி எழுத்துக்குப் பின்னால. இத திருப்பிப் போட வேண்டியது சாஃப்ட்வேரோட வேலை, எனக்கு க் அடிச்சா புள்ளி போய் முன்னாடி எழுத்து தலையில உக்காருது.

குறை மட்டும் சொல்ல வரல. என்விடிஏன்னு ஒரு ஸ்கிரீன் ரீடர், ஆஸ்திரேலியாவுல பார்வையில்லாத ஒருத்தர் 2006-ல ஆரம்பிச்சு, பார்வையில்லாத இன்னொருத்தரும் கூட சேந்து வளத்தது, இன்னைக்கும் இலவசம். ஒவ்வொரு கம்பெனி டிஸ்ப்ளேவுக்கும் தனித்தனியா டிரைவர்ங்கற இணைப்பு சாஃப்ட்வேர் தேடி அலையக் கூடாதுன்னு 2018-ல யுஎஸ்பி-க்கு ஒரு பொது முறை வந்துச்சு, அதையும் என்விடிஏவுல 2021-லயே சேத்துட்டாங்க. மாட்டுற பிரச்சனை தீர்ந்துட்டே வருது, மாட்டின பிறகு தமிழ் ஒழுங்கா வரணும்ல?

எழுத்த புள்ளியா மாத்தறது லிப்லூயிங்கற ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அதாவது யார் வேணும்னாலும் திறந்து பாத்து திருத்தலாம்ங்கற சாஃப்ட்வேர் துண்டு. என்விடிஏவுக்கும் அதுதான், ஆண்ட்ராய்டு போன்ல இருக்கற டாக்பேக்குங்கற ஸ்கிரீன் ரீடருக்கும் அதுதான். அதுல தமிழ் டேபிள்ங்கறது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், இந்த எழுத்துக்கு இந்தப் புள்ளின்னு வரி வரியா இருக்கும், ஒரு எடத்துல சரி பண்ணா எல்லா எடத்துலயும் சரியாயிரும். ஆனா அத தொடற ஆளுக்கு பாரதி பிரெயில், அதான் நம்ம நாட்டு மொழிகளுக்கான பிரெயில் முறை, கையோட தெரிஞ்சிருக்கணும். 1951-ல வந்த அந்த முறையில சொல்லிக் குடுக்கற டீச்சருங்க நம்ம ஊர்ல இல்லாமயா போயிட்டாங்க, அவங்கள யாரும் கூப்பிட்டுக் கேக்கறதில்ல, அவ்வளவுதான். புரோகிராம் எழுதற பசங்க நாலு பேரு, பிரெயில் டீச்சருங்க நாலு பேரு, ஒரு ரூம்ல ஒக்காரட்டும், மொதல்ல அந்தப் புள்ளிய சரி பண்ணட்டும். உங்க பத்திரிகை கூப்பிட்டா வருவாங்க சார், நானும் பஸ் புடிச்சு வந்துருவேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் டீச்சர்,
மதுரை மாவட்டம்

பின்குறிப்பு: இந்த லெட்டர லேப்டாப் கீபோர்டுலதான் அடிச்சேன், பிரெயில் கீயில இல்ல. அதுல அடிச்சிருந்தா உங்க புரூஃப் ரீடர் வேலைய விட்டுட்டே ஓடியிருப்பாரு.