என் வெள்ளை வேட்டி நீலமான கதை

கோவில்பட்டி
மார்கழி 24

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடுதாசி வந்து ஒரு மாதமாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கண். வலக்கண்ணில் புரை ஆபரேஷன் ஆனது. குனியாதே, தலைக்கு ஊற்றாதே, டிவி பார்க்காதே என்று ஒரு மாதம் வீட்டுச் சிறை. நாலு வேளை சொட்டு மருந்து. உன் தங்கச்சி அலாரம் வைத்து ஊற்றினாள். நேற்றுதான் எழுதலாம் என்று உத்தரவு கிடைத்தது. முதல் கடுதாசி உனக்குத்தான்.

ஆபரேஷன் பெரிய விஷயமே இல்லைடா. கால் மணி நேரம். அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததுதான் விஷயம். சொல்கிறேன், சிரிக்காதே.

கட்டுப் பிரித்த மறுநாள் காலையில் பீரோவைத் திறந்தேன். என் வேட்டிகள் இருக்கும் தட்டில் வெளிர்நீலமாக ஒரு அடுக்கு. யாரோ விருந்தாளி துணி மாறி வந்துவிட்டதோ என்று, "இது யாரு வேட்டி?" என்று கேட்டேன். "உங்களோடதுதான்" என்று அடுப்படியிலிருந்தே பதில் வந்தது. எடுத்து எடுத்துப் பார்த்தேன். எட்டும் நீலம். நாலு முழம், எட்டு முழம், பேரன் காதுகுத்துக்குக் கட்டிய பட்டுக்கரை வேட்டி, எல்லாம்.

கதை இதுதான். ரெண்டு வருசமாக நான் வேட்டி மஞ்சளடிக்கிறது, மஞ்சளடிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பாவம் அவள், அரை மூடி சொட்டு நீலம் போட்ட இடத்தில் ஒரு மூடி போட்டாள். அப்புறம் ரெண்டு. கடைசியில் மூன்று. எனக்கு அப்போதுதான் அது வெள்ளையாகத் தெரிந்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் கல்யாணம், காட்சி, கோயில் எல்லாம் போய் வந்திருக்கிறேன். "ஊரே பாத்துச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கலை" என்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றால், "நாப்பது வருசம் ஜவுளிக்கடையில நின்னவருக்கு நான் கலர் சொல்லிக் குடுக்கணுமாக்கும்" என்கிறாள். என்ன பதில் சொல்வது?

டாக்டரிடம் கேட்டேன். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிப் பழுப்பேறுமாம். அது நீல வெளிச்சத்தை உள்ளே விடாதாம். கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் நடப்பதால் ஆளுக்குத் தெரியாதாம். இடக்கண் இன்னும் பழையதுதான். வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடி அதே வேட்டியைப் பார்க்கிறேன். இடக்கண்ணில் பார்த்தால் டீ டிகாஷனுக்குள் முக்கி எடுத்த மாதிரி ஒரு வெள்ளை. வலக்கண்ணில் பார்த்தால் டியூப் லைட் நீலம். எதிர்வீட்டுக்காரர் நான் அவரைப் பார்த்துக் கண்ணடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. எதைப் பார்த்தாலும் இதன் பெயரும் இதன் நிறமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. வீட்டில் பொங்கலுக்கு வேலை நடக்கிறதா, பொழுது நன்றாகப் போகிறது. பெயிண்டர் வந்து முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அய்யா, இந்தத் தடவை என்ன கலர்ல வெள்ளையடிக்க?" மருமகள் ரோஸ் என்றாள். "ரோஸ்ல வெள்ளையடிச்சுருவோம்" என்று போய்விட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு மட்டும் வந்தது. நம் சின்ன வயதில் நிஜமாகவே வெள்ளைதான் அடித்தார்கள். அந்தச் சுண்ணாம்பிலும் ஒரு சிட்டிகை நீலப்பொடி கலப்பார்கள், நினைவிருக்கிறதா? வெள்ளை வெள்ளையாகத் தெரிய நீலம் வேண்டும். என் வேட்டிக்கு நடந்ததும் அதுதான், அளவு கொஞ்சம் மிஞ்சிவிட்டது.

பொங்கல் சாமான் வாங்க நேற்று சந்தைக்குப் போனேன். பச்சரிசி, செங்கரும்பு. பச்சரிசி வெள்ளை. செங்கரும்பு கிட்டத்தட்டக் கறுப்பு, வெயிலில் திருப்பிப் பார்த்தால் கத்திரிப்பூ நிறம். பரணிலிருந்து வெண்கலப் பானையை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள், அது பளபளவென்று மஞ்சளாக உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரைப் பொங்கலுக்குப் பச்சைக் கற்பூரம் என்று ஒரு பொட்டலம், பிரித்தால் உப்பு மாதிரி இருக்கிறது. ஒரு பொங்கலுக்கு எத்தனை பொய்!

முதலில் சிரித்தேன். அப்புறம் அந்தப் பானை பக்கத்தில் செம்புக் குடத்தைக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். வெண்கலம் என்பது செம்போடு வெள்ளீயம் சேர்த்து வார்ப்பதுதானே. வெள்ளீயம் கூடக் கூடச் செம்பின் சிவப்பு வெளிறிக்கொண்டே போகும். குடத்துக்குப் பக்கத்தில் பார்த்தால் பானை வெளுப்புதான்! கரும்பும் அப்படித்தான். ஆலைக்குப் போகும் கரும்பு பச்சையும் மஞ்சளுமாக நிற்கும், அதற்குப் பக்கத்தில் இது செங்கரும்பு. பெயர் வைத்தவன் தனியாக ஒன்றைப் பார்த்து வைக்கவில்லை, பக்கத்தில் இருப்பதைப் பார்த்து வைத்திருக்கிறான். கடையில் நாங்கள் செய்ததும் அதுதான். 'ராமா பச்சை' என்று ஒரு சேலை நிறம் உண்டு. நீலச் சேலைக் கட்டுக்கு நடுவில் போட்டால் பச்சை, பச்சைக் கட்டில் போட்டால் நீலம். அதை வைத்து மாமியாரும் மருமகளும் கல்லாவுக்கு முன்னால் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். மயில்கழுத்து இன்னும் மோசம். நீளவாக்கு நூலான பாவு நீலம், குறுக்கு நூலான ஊடை பச்சை. அசைத்தால் ஒன்று, அசைக்காவிட்டால் ஒன்று. இதில் என்ன நிறம் என்று பில்லில் எழுதுவது?

ஆனால் இந்த விளக்கம் வெள்ளாட்டுக்குப் பொருந்தவில்லை. நம் பக்கத்துக் கன்னி ஆடு எப்படி இருக்கும்? அட்டைக் கறுப்பு. முகத்தில் ரெண்டு கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, சிவப்பாக இருந்தால் செங்கன்னி. அந்தக் கோட்டை வைத்தா வெள்ளாடு என்றார்கள்? அதே சமயம் வேம்பூர்ப் பக்கத்துச் செம்மறி வெள்ளை உடம்பில் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு அலைகிறது. கிடைக்காரர் ஒருத்தரிடம் கேட்டேன். "அதெல்லாம் பேருண்ணே, பேருக்கு என்ன" என்றார். தமிழய்யா நீதான் சொல்ல வேண்டும். பொன்வண்டையும் சேர்த்துக்கொள். தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்தோமே, அதில் பொன் எங்கே இருந்தது? பச்சைதானே மின்னும். சாயம் எதுவும் இல்லாமல், ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வரும் பச்சையாம் அது. என் பேரன் படித்துச் சொன்னான்.

பச்சைக்கு வருகிறேன். இதில் எனக்கு உங்கள் அப்பா சூளைதான் ஞாபகம் வந்தது. கண்மாய் மண்ணைக் குழைத்து அச்சில் அடித்து வரிசையாகக் காயப் போட்டிருப்பார்களே, அதன் மேல் ஏறி நடந்ததற்கு உங்கள் அப்பா நம் ரெண்டு பேரையும் விரட்டினார். "எலே, பச்சைக் கல்லுலே அது! மிதிக்காதீங்கலே!" பழுப்பாக இருந்த கல்லைப் பச்சைக் கல் என்று சொல்லி விரட்டியவரைப் பார்த்து நாம் ஏன் சந்தேகப்படவே இல்லை? ஏனென்றால் பச்சை என்றால் நெருப்புப் படாதது என்று நமக்கு அந்த வயதிலேயே தெரியும். பச்சைத் தண்ணி, பச்சைப் பால், பச்சை முட்டை. வெங்காயத்தைப் பச்சை வாடை போக வதக்கு என்பாள் அம்மா. புழுக்காத நெல்லின் அரிசி பச்சரிசி. பிள்ளை பெற்றவள் பச்சை உடம்புக்காரி. அந்தப் பச்சைக் கல் சூளைக்குள் போய், மண்ணில் இருக்கும் இரும்பு சூட்டில் துருவேறித்தான் செங்கல்லாக வெளியே வரும். பச்சை எப்போது சிவப்பாகும் என்பதை உங்கள் அப்பா புகையின் வாடையை வைத்தே சொல்லிவிடுவார். பச்சைப் பொய் எப்படி இதில் சேரும் என்று யோசித்தேன். வேகவைக்காமல், மசாலா சேர்க்காமல் அப்படியே பரிமாறுவதால் இருக்கும். பச்சை பச்சையாகத் திட்டுவதும் அந்த வகையறாதான். பசும்பொன் மட்டும் இடிக்கிறது. பொன்னோ மஞ்சள், அதைச் செம்பொன் என்கிறோம், பசும்பொன்னும் என்கிறோம். பேரைக் கேட்டால் சிவப்பு, பச்சை ரெண்டும் இருக்கிறது, மஞ்சளைத்தான் காணோம்.

செங்கோணத்தை மறந்திருக்க மாட்டாய். கணக்குப் பரீட்சையில் எல்லாக் கோணத்தையும் பென்சிலில் போட்டுவிட்டு 90 டிகிரியை மட்டும் சிவப்புப் பென்சிலில் போட்டவன் நீ. ஏன் என்று கேட்ட வாத்தியாரிடம், "செங்கோணம் சார்" என்று சொல்லி வாங்கிய கொட்டு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. பின்னாளில் நீயே புலவர் படிப்புப் படித்துவிட்டு வந்து, செம்மை என்றால் நேர் என்றும் ஓர் அர்த்தம் உண்டு, செங்குத்து, செங்கோல் எல்லாம் அந்தக் கிளை என்று என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னாய். 2004-இல் தமிழைச் செம்மொழி என்று அறிவித்தபோது கடைப் பையன் ஒருத்தன், "அண்ணாச்சி, அப்ப இத்தனை நாளு என்ன கலர்ல இருந்துச்சு?" என்று கேட்டான். உன் பாடத்தைத்தான் அவனுக்கு ஒப்பித்தேன்.

திண்ணையில் நீ உரக்கப் படித்ததில் ஒரு வரி எனக்கு அப்படியே நிற்கிறது. "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள." தொல்காப்பியம், உரியியல் என்றாய். அடுத்த வரிதான் எனக்குப் பிடித்தது. அவை நிறத்தைக் காட்டவும் உரியவை என்கிறார். அதாவது கோபம் முதலில், நிறம் அதற்கு அப்புறம்! அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. இப்போது மூஞ்சி கறுத்துப்போச்சு, கண்ணு சிவந்துபோச்சு என்று நாம் பேசுவதைக் கேட்டால் அந்தச் சூத்திரத்தைத்தான் பேசுகிறோம் என்று தெரிகிறது. (வல்லின 'று'தான் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். சிவப்பு மையை எடுக்காதே.)

சிரித்துக்கொண்டே எழுதிவந்தேன், ஒரு இடத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. கடையில் பெண்ணைக் கூட்டி வரும் தாய்மார்கள் சொல்லும் வார்த்தை. "பிள்ளை நல்ல செவப்பு, எந்தக் கலரும் எடுக்கும்." சிவப்பான ஆளை நான் கண்டதில்லை. அது போகட்டும். "இவ கொஞ்சம் நிறம் கம்மி, பாத்து எடுத்துப் போடுங்க" என்பார்கள், அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கறுப்பு என்றால் நிறம் குறைச்சலாம். ஒரு மாட்டுப்பொங்கல் சமயம், அப்படிச் சொன்ன அம்மாவின் மகள் நான் விரித்த சேலை எதையும் பார்க்கவே இல்லை, கல்லாவுக்கு மேலே ஓடிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அரக்குச் சேலையை எடுத்து அவள் தோளில் போட்டேன். கண்ணாடியைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். வெளிர் ரோஸ்தான் வேண்டும் என்று அம்மா வாங்கிக்கொண்டு போனார். அரக்கை மடித்து வைக்க எனக்கு மனசே இல்லை.

முந்தாநாள் அக்கா வந்திருந்தாள், கண்ணைப் பார்க்க. அவள் முன்னங்கையில் தேர்க்கோலம் பச்சை குத்தியிருக்குமே, எட்டு வயதில் குறத்தி வந்து குத்தியது. பக்கத்தில் உட்கார்ந்து வலக்கண்ணால் பார்த்தேன். அது பச்சையே இல்லை மாணிக்கம். நீலம். நல்ல மங்கின நீலம். புகைக்கரியைத் தோலுக்குள் ஏற்றினால் மேலே அப்படித்தான் தெரியுமாம், உள்ளே இருப்பது கறுப்பே. "அக்கா, இது நீலம்" என்றேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் ரெண்டு கண்ணிலும் புரை. "போடா, பச்சைடா இது" என்று சேலைத் தலைப்பால் துடைத்துக் காட்டினாள்.

உன் வீட்டில் என் தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் அனுப்பியிருந்தேனே, தேய்க்கிறாளா? மகன் வேலை மாறுவதாக எழுதியிருந்தாய், முடிந்ததா? கரிநாளுக்குள் ஒரு நடை வந்து போ. வரும்போது வேட்டி கொண்டு வராதே, இங்கே எட்டு இருக்கிறது. ரெண்டை நீயே எடுத்துக்கொள்ளலாம், வெள்ளை என்று சொல்லித்தான் தருவேன்.

இடக்கண் ஆபரேஷன் தை கடைசியில். அதற்கு முன்னால் கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வேண்டும். கடைக்கு வா என்று உன் தங்கச்சி கூப்பிட்டிருக்கிறாள். ஒரே நிபந்தனை, இடக்கண்ணைக் கட்டிக்கொண்டு வர வேண்டுமாம்.

அன்புடன்,
முத்தையா