இதயமில்லாத புழுவின் துடிப்பு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று தங்கள் கடிதத்தில் படித்து நிம்மதியடைந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் நான் கல்லூரி ஆய்வகத்தை விட்டபாடில்லை. இப்போது மாணவர்களுடன் நூற்புழு முட்டைகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதயம் தோன்றும் முன்பே முட்டை துடிக்குமா என்று கேட்டிருந்தீர்கள். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் இந்தப் புழுவுக்குக் கடைசிவரை இதயமே கிடையாது. ஆனாலும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நீளமே உள்ள அதன் முட்டை, கருவுற்ற சிறிது நேரத்தில், ஒற்றைச் செல்லாக இருக்கும்போதே துடிக்கத் தொடங்கிவிடுகிறது. ரோ என்னும் புரதம் மேற்பரப்பில் ஓரிடத்தில் விழித்தால், தன் செயலைத் தானே தூண்டிப் பெருக்கிக்கொள்கிறது. அங்கே, தசைகளைச் சுருக்கும் அதே ஆக்டின், மயோசின் வகைப் புரதங்கள் திரண்டு மேற்பரப்பைச் சுருக்குகின்றன. திரண்ட ஆக்டினே சற்றுத் தாமதமாக ரோவை அடக்கும் புரதங்களையும் அழைத்துவருவதால், சுமார் அரை நிமிடத்தில் எல்லாம் தளர்ந்து, வேறோர் இடத்தில் மீண்டும் தொடங்குகிறது.

முதலில் முட்டை முழுவதும் இப்படித்தான் இருக்கும். பிறகு விந்தணு கொண்டுவந்த சென்ட்ரோசோம் என்னும் நுண்ணுறுப்புக்கு அருகில் துடிப்பு அடங்க, மேற்பரப்புப் பொருள் அங்கிருந்து எதிர்முனையை நோக்கி நகர்ந்து, உடலின் திசையைத் தீர்மானிக்கும் பார் புரதங்களில் ஒரு பகுதியையும் இழுத்துச் செல்கிறது. அடங்கிய முனை வாலாகிறது. துடித்துக்கொண்டிருக்கும் முனை தலையாகிறது.

ஆனால் தாங்கள் எழுதியதுபோல் ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு நோக்கம் உண்டு என்பதை நான் ஏற்க மாட்டேன். செல்லின் முதல் பிரிவின்போது, குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்க்கோல் என்னும் அமைப்பு பக்கவாட்டில் அழகாக ஆடும். மாணவர்கள் அதைத்தான் மிகவும் ரசிக்கிறார்கள். மேற்பரப்பிலுள்ள டைனீன் என்னும் இயக்கிப் புரதங்கள், கதிர்க்கோலிலிருந்து நீளும் நுண்குழாய்கள் என்னும் இழைகளைக் கயிறிழுப்புப் போட்டிபோல் இரு பக்கமும் இழுப்பதால் வரும் ஆட்டம் அது. பின்புறம் இழுவிசை மிகுதி என்பதால் அந்த முனை அதிகம் ஆடுகிறது. இழுவிசையைச் சிறிது குறைத்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடுகிறது, ஆயினும் கதிர்க்கோல் பின்னோக்கி நகர்வது தொடர்கிறது. எனவே அந்த ஆட்டம் வேலையின் உபவிளைவே என்று கருதுகிறேன்.

அப்படி நகர்வதால் முன்செல் பெரிதாகவும் பின்செல் சிறிதாகவும் பிறக்கின்றன. அடுத்த பிரிவில் பெரியது ஏறத்தாழ இரண்டு நிமிடம் முந்திக்கொள்கிறது. அளவு மட்டுமே அதற்குக் காரணமன்று. மற்றதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள், பதிலுக்கு அவசரமில்லை.

அன்புடன்,
தங்கள் பழைய விடுதி நண்பன்